டெபுடே அனுப்பும் மாதக் கடிதத்தில் எழுவாய் எங்கே?

மாலைப்பள்ளி
2025 ஜூன் 22, ஞாயிறு, மாலை 5:10

எல்லோருக்கும் வணக்கம். இது கட்சிச் சண்டைக்கான இழை இல்லை. முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன தடவை ஓய்வூதியம் பற்றித் தொடங்கியது சண்டையில் முடிந்து, மட்டுறுத்துநர் பூட்டுப் போட வேண்டியதாயிற்று.

இங்கே மொரீஷியஸில் சனிக்கிழமை மாலைகளில் கோவில் மண்டபத்தில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பதினோரு பேர் வருகிறார்கள். சின்ன வயதில் பள்ளியில் எழுத்துக்கூட்டப் படித்து, பிறகு முப்பது வருடம் கிரியோலிலேயே வாழ்ந்து, இப்போது பேரப்பிள்ளைகள் தமிழ் எடுப்பதைப் பார்த்து மறுபடி நோட்டைத் திறந்தவர்கள். "அணில் மரத்தில் ஏறியது" என்று எத்தனை நாள் எழுதுவார்கள்? அதனால் ஊரில் கைக்குக் கிடைக்கிற காகிதத்தை எல்லாம் தமிழாக்கிப் பயிற்சி செய்கிறோம். தண்ணீர் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, கடைத் துண்டறிக்கை. இந்த மாதம் எங்கள் தொகுதியின் மூன்று டெபுடேக்களில் (நாடாளுமன்ற உறுப்பினர்களில்) ஒருவர் மாதாமாதம் எழுதும் கடிதத்தை எடுத்துக்கொண்டோம். பிரெஞ்சில் இரண்டு பக்கம். வாட்ஸ்அப்பில் வரும், ரொட்டிக் கடை மேசையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள்.

முதல் அரைப் பக்கம் சாகோஸ் தீவுகள் பற்றிப் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தம். அடுத்தது பட்ஜெட்டும் ஓய்வூதிய வயதும். பிறகு மே 4 நகராட்சித் தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு நன்றி. மூன்று படங்கள். கடைசியில் 'நம் பகுதி' என்று ஒன்பது வரி: வடிகால், தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், கால்பந்துத் திடல்.

நான் கொடுத்த பயிற்சி எளிதானதுதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைக் கோடிடு, வினையை வட்டமிடு, காலத்தை ஓரத்தில் எழுது. மொத்தம் 34 வாக்கியங்கள். 'நான்' என்று தொடங்கியவை நான்கு: கலந்துகொண்டேன், மகிழ்ந்தேன், வாழ்த்தினேன், நன்றி தெரிவிக்கிறேன். 'நம் பகுதி' ஒன்பதிலும் எழுவாயே சிக்கவில்லை. "வடிகால் பணி பரிசீலனையில் உள்ளது." "தண்ணீர் விநியோகம் சீர்செய்யப்படும்." யார் பரிசீலிக்கிறார், யார் சீர்செய்வார், எந்த மாதம்? கோடு போட இடமில்லாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்பில் ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். அவர் சொன்னார்: "வாத்தியாரே, பிரெஞ்சில் படித்தபோது ஏதோ நிறைய நடக்கிற மாதிரி இருந்தது. தமிழில் எழுதினால் ஒன்றும் மிஞ்சவில்லையே."

உங்கள் தொகுதிகளில் எப்படி? இப்படி ஏதாவது வருகிறதா? வந்தால் முழுதாகப் படிக்கிறீர்களா?


ஏழுகறி
ஜூன் 22, இரவு 7:02

எங்களுக்கு வருவது கடிதம் இல்லை, கல்யாண ஆல்பம். போன மாதம் ஒரே வடிகால் மூடியின் பக்கத்தில் மூன்று டெபுடேக்களும் மூன்று வேறு நாட்களில் நின்று படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். மூடி அதே மூடிதான். அதில் யாரோ எறிந்த பச்சை பாட்டில்கூட மூன்று படத்திலும் இருந்தது.


எபேன்வாசி
ஜூன் 22, இரவு 8:15

நான் தஞ்சாவூர்ப் பக்கம். மூன்று வருடமாக இங்கே ஐ.டி. வேலை. ஒரு சந்தேகம் கேட்கலாமா? ஒரு தொகுதிக்கு ஏன் மூன்று பேர்? எங்கள் ஊரில் 234 தொகுதிக்கு 234 எம்.எல்.ஏ. நல்லதோ கெட்டதோ, திட்டுவதற்கு ஒரே முகம். கையில் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கும், அதில் போட்ட பேருந்து நிழற்குடையில் பெயரை எழுதிக்கொள்வார். இங்கே யாரைக் கேட்பது என்றே புரியவில்லை.


பழைய மராமத்து
ஜூன் 22, இரவு 10:40

எபேன்வாசித் தம்பிக்கு முதலில். தீவில் 20 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர், ரொத்ரிக் தீவுக்கு இரண்டு. ஆக 62. வாக்குச் சீட்டில் நீங்கள் மூன்று பெயருக்குக் குறியிட்டே ஆக வேண்டும், இரண்டோடு நிறுத்தினால் சீட்டு செல்லாது. அதற்கு மேல் 'பெஸ்ட் லூசர்' என்று தோற்றவர்களிலிருந்து எட்டு இடம் வரை சேரலாம், சமூகங்களின் எண்ணிக்கைச் சமநிலைக்காக. அந்தக் கணக்கில் தமிழர் நாம் தனியாக இல்லை, இந்து என்ற பெட்டிக்குள் போய்விடுகிறோம். அது வேறு கதை, இங்கே தொடங்கினால் பொங்கல் வரை முடியாது.

இன்னொன்று தெரியுமா? நீங்கள் காமன்வெல்த் நாட்டுக் குடிமகன், இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பட்டியலில் பதிந்தால் உங்களுக்கும் ஓட்டு உண்டு. ஆக அந்த மூவரும் உங்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான்.

சரி, வாத்தியார் கேட்ட எழுவாய்க்கு வருகிறேன். நான் 31 வருடம் சாலை வேலையில் இருந்தவன். எழுவாய் காணாமல் போவதற்கு டெபுடேயின் சாமர்த்தியம் மட்டும் காரணம் இல்லை. நிஜமாகவே யார் செய்ய வேண்டும் என்பது இங்கே குழம்பிக் கிடக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்குகிறது என்று வையுங்கள். வாசல் பெரிய சாலையில் இருந்தால் சாலை மேம்பாட்டு ஆணையம். சின்னச் சந்தாக இருந்தால் நகராட்சி அல்லது மாவட்ட சபை. பெரிய வடிகால் என்றால் தேசிய வளர்ச்சிப் பிரிவு, நாம் எல்லோரும் என்.டி.யு. என்கிறோமே, அது. எங்கே வடிகால் வேண்டும் என்று திட்டம் போட 2017இல் நில வடிகால் ஆணையம் என்று ஒன்று வந்தது. 2013 மார்ச் 30 அன்று போர் லூயியில் 11 பேர் செத்த வெள்ளத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அது ஏன் வந்தது என்று தெரியும். வந்த பிறகும் 2024 ஜனவரியில் பெலால் புயலில் அதே நகரத்தில் கார்கள் மிதந்தன. அந்தத் தேங்கிய தண்ணீரில் கழிவுநீர் கலந்திருந்தால் கழிவுநீர் ஆணையம். குழாய் உடைந்து வந்த தண்ணீர் என்றால் மத்திய தண்ணீர் ஆணையம். ஒரு குழி, ஆறு அலுவலகம்.

இதில் டெபுடேக்குச் சொந்தமான மண்வெட்டி ஒன்றுகூடக் கிடையாது. எபேன்வாசி சொன்ன மாதிரி கையில் ஒரு நிதி வைத்துக்கொண்டு நிழற்குடை கட்டும் வழக்கம் இங்கே இல்லை. என்.டி.யு. வேலைகளுக்குப் பி.பி.எஸ். (நாடாளுமன்றத் தனிச் செயலர்) என்று ஆளுங்கட்சி உறுப்பினர்கள் போன ஆட்சி வரை இருந்தார்கள், வழக்கமாக ஒருவர் பொறுப்பில் இரண்டு தொகுதி. மக்கள் மனுவோடு சிட்டிசன்ஸ் அட்வைஸ் பீரோவில் வரிசை கட்டியது அவரைப் பார்க்கத்தான். மற்ற டெபுடே செய்யக்கூடியது கேட்பது. அவையில் கேட்பது, கடிதம் எழுதிக் கேட்பது, அலுவலகத்தில் போய் உட்கார்ந்து கேட்பது.

அதிலும் நகராட்சித் தேர்தல் 2015க்குப் பிறகு நடக்கவே இல்லை. தள்ளித் தள்ளி, பத்து வருடம் கழித்து இந்த மே மாதம்தான் நடந்தது. ஐந்து நகராட்சிக்கும் சேர்த்து 120 கவுன்சிலர்கள் இப்போது புதிதாக வந்திருக்கிறார்கள். இத்தனை காலம் குப்பை லாரிக்கும் தெருவிளக்குக்கும் டெபுடே வீட்டுக் கதவைத் தட்டிப் பழகிவிட்டோம். அவர்களும் பல்பு மாற்றினால் ஓட்டு விழும் என்று பழகிவிட்டார்கள். இனியாவது விளக்குக்குக் கவுன்சிலரைப் பிடியுங்கள்.


ரோஷ்புவாக்காரி
ஜூன் 23, காலை 6:20

மராமத்து ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் வாத்தியாரின் முதல் பதிவில் ஒரு தொனி எனக்கு உறுத்தியது. சாகோஸுக்கு அரைப் பக்கம் போனது ஏதோ வீண் மாதிரி.

எங்கள் தெருவில் சாகோஸிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பாட்டி பெரோஸ் பானோஸில் பிறந்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குத் தேங்காய்ப்பாலில் கோழி சமைத்துக் கொடுத்தவர். 1965 நவம்பர் 8இல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்தது. 1968 முதல் 1973 வரை ஆட்களைக் கப்பலில் ஏற்றி இங்கேயும் சேஷெல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிவினை சட்டப்படி நடக்கவில்லை என்று கருத்துச் சொன்னது. இந்த மே 22இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. எங்கள் தெருவில் இதுதான் உள்ளூர்ச் செய்தி. தெருவிளக்கு அப்புறம்.

என் கோபம் வேறு இடத்தில். எங்கள் டெபுடேயின் அறிக்கையும் படித்தேன். "வரலாற்று வெற்றி" என்று மூன்று தடவை வருகிறது. டியேகோ கார்சியா 99 வருடத்துக்குப் பிரிட்டனிடமே இருக்கும் என்பது ஒரு தடவை, அதுவும் பாதி வாக்கியத்தில். சாகோஸ் மக்களுக்காக 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி என்பது இல்லவே இல்லை. மற்றத் தீவுகளில் மொரீஷியஸ் ஆட்களைக் குடியேற்றலாம் என்பதும் இல்லை. பாட்டி கேட்பது ஒன்றே ஒன்று: "எனக்குப் போக முடியுமா, அம்மாவின் கல்லறையைப் பார்க்க முடியுமா, எந்த வருடம்?" அதற்கு ஒரு வரி எழுதியிருந்தால் அரைப் பக்கம் என்ன, நாலு பக்கமும் படித்துக் காட்டியிருப்பேன்.


மாலைப்பள்ளி
ஜூன் 23, மதியம் 12:45

ரோஷ்புவாக்காரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். நாட்டு விஷயம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் என் எழுத்து அப்படித்தான் ஒலிக்கிறது. உங்கள் பாட்டியின் கேள்விதான் எங்கள் வகுப்பிலும், வேறு உருவத்தில்.

வகுப்பில் ஒரு தாந்தின் (அத்தை என்று கிரியோலில் கூப்பிடுவோம்) இருக்கிறார். இந்த அக்டோபரில் 60 முடிகிறது. ஜூன் 5 பட்ஜெட் வரைக்கும் அவர் கணக்கு தெளிவாக இருந்தது: அக்டோபர் முடிந்தால் அடிப்படை ஓய்வூதியம் வரும், தையல் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். இப்போது 60 என்பது செப்டம்பர் முதல் படிப்படியாக 65 ஆகப்போகிறது. ஒன்றிரண்டு மாதத்தில் தவறவிட்டவர். டெபுடேயின் கடிதத்தில் "வருங்காலத் தலைமுறைக்காக எடுத்த பொறுப்பான முடிவு" என்று இருக்கிறது. நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீத அளவில் நிற்கிறது என்பதும் இருக்கிறது. அது பொய் இல்லை. தாந்தினுக்கும் புரிகிறது. ஆனால் தன்னைப் போன்றவருக்கு எந்த மாதம் முதல் கிடைக்கும், அதுவரை ஏதாவது உதவி உண்டா, எங்கே விண்ணப்பிப்பது என்று தேடினார். இல்லை. நகராட்சி வெற்றி விழாப் படம் இருந்தது.


எபேன்வாசி
ஜூன் 23, மாலை 6:30

ஓட்டு உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி ஐயா. எங்கள் குடியிருப்பில் பதினாறு தமிழ்ப் பையன்கள், ஒருவனுக்கும் தெரியாது. "நமக்கும் மூன்று டெபுடே இருக்கிறார்களாம்டா" என்றேன். "யாராவது ஒருத்தர் தண்ணி லாரி அனுப்புவாரா?" என்று கேட்கிறான். ஊர் எங்கே போனாலும் கேள்வி மாறவில்லை.


நிழலெழுத்து
ஜூன் 23, இரவு 11:55

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் சில வருடங்களுக்கு முன் ஒரு டெபுடேக்கு இப்படிப்பட்ட கடிதங்களை எழுதிக் கொடுத்தவன். உங்கள் டெபுடே இல்லை, தொகுதியும் வேறு, கட்சியும் சொல்லமாட்டேன்.

ஒரு கடிதம் எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். மாதக் கடைசியில் டெபுடே தொலைபேசியில் இருக்கும் படங்களை அனுப்புவார். ஐம்பது அறுபது இருக்கும். அதில் அவர் கண் மூடாமல் இருப்பவற்றைப் பொறுக்குவேன். படத்துக்கு ஏற்ற மாதிரி வாக்கியம். ஆமாம், அந்த வரிசையில்தான். படம் முதலில், செய்தி பிறகு. பிறகு கட்சியிலிருந்து நாட்டு நடப்புக்கு ஒரு பத்தி வரும், அதை எல்லா டெபுடேக்களும் கொஞ்சம் மாற்றிப் போடுவார்கள். ரோஷ்புவா அக்கா படித்த சாகோஸ் பத்தியும் மாலைப்பள்ளி படித்த சாகோஸ் பத்தியும் ஒரே அச்சாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளூர் வரிகள்தான் கஷ்டமானவை. நான் எழுதியது எல்லாம் "பரிசீலனையில்", "நடவடிக்கை எடுக்கப்படும்". ஏன் என்று சொல்கிறேன். எங்கள் டெபுடே நிஜமாகவே உழைப்பவர். செவ்வாய்க்கிழமை அவை முடியும் நேரத்தில், ஒத்திவைப்புக்கு முன் தொகுதிக் குறைகளைச் சொல்ல உறுப்பினர்களுக்குச் சில நிமிடம் கிடைக்கும். சில நாள் அது இரவு வெகுநேரம் கழித்துத்தான் வரும். பாதி அவை காலியாக இருக்கும். அவர் உட்கார்ந்திருந்து எழுந்து பேசுவார்: இந்தக் கிராமத்தில் தண்ணீர் காலை நாலு முதல் ஏழு வரைதான் வருகிறது, குழாய் பழசு, எப்போது மாற்றுவீர்கள்? அமைச்சர் எழுந்து இந்த வருடம் அந்தக் குழாய்க்குப் பணம் ஒதுக்கவில்லை என்பார். முடிந்தது.

இதைக் கடிதத்தில் எப்படி எழுதுவது? ஆளுங்கட்சி டெபுடே "நான் கேட்டேன், என் அமைச்சரே இல்லை என்றார்" என்று அச்சடித்தால், மறுநாள் கட்சி அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். அதனால் கேட்டது, பதில் இரண்டும் போய்விடும். "தண்ணீர்ப் பிரச்சினை பரிசீலனையில் உள்ளது" என்பது மட்டும் நிற்கும். உங்கள் எழுவாய் அங்கேதான் செத்தது, வாத்தியார். கிரியோலில் நாம் எல்லோரும் சொல்கிறோமே, 'நு பே கெத் சா', பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று. அதைப் பிரெஞ்சில் கோட்டு சூட்டுப் போட்டு எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது.

இதில் எனக்கு இன்றும் வருத்தம் என்ன தெரியுமா? அவர் செய்ததிலேயே உருப்படியான வேலை அந்த ராத்திரிக் கேள்விதான். மார் ஓ வாக்வா அணை தீவிலேயே பெரியது, சுமார் 2.6 கோடி கன மீட்டர் கொள்ளும். ஆனால் சுத்திகரித்து அனுப்புகிற தண்ணீரில் பாதிக்கு மேல் பழைய குழாய்களின் கசிவிலும் கணக்கில் வராமலும் போகிறது. அணை நிரம்பினாலும் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. இதை மக்களிடம் சொன்னால் "குழாயை மாற்று" என்று எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். சொல்லாததால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக டெபுடேயிடம் தண்ணீர் லாரி கேட்கிறது.


ஏழுகறி
ஜூன் 24, காலை 7:30

கண் மூடாத படம்... அடப்பாவி. இனி எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன்.


கொடிமரம்
ஜூன் 24, காலை 10:05

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்தக் கடிதம் ஏன் தமிழில் வரவில்லை? பிப்ரவரி 11 தைப்பூசக் காவடியன்று கோவில் வாசலில் மூன்று டெபுடேயும் மஞ்சள் துண்டோடு நின்று "வணக்கம், வணக்கம்" என்றார்கள். அறிக்கை எழுதும்போது மட்டும் தமிழ் எங்கே போனது? 1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடமே பழைய வரிசையில், ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் என்று மாற்றி அச்சடித்தார்கள். நோட்டில் தமிழ் இருக்கிறது, நோட்டீஸில் இல்லை!


பழைய மராமத்து
ஜூன் 24, காலை 11:20

நோட்டு, நோட்டீஸ் நன்றாக இருக்கிறது. ஆனால் கொடிமரம் தம்பி, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். தமிழில் வந்தால் உங்கள் தெருவில் எத்தனை பேர் படிப்பார்கள்? என் வீட்டில் நான் ஒருவன். என் மகனுக்குத் தேவாரம் மனப்பாடம், ஆனால் எழுத்து தெரியாது. அவையிலேயே அதிகாரப்பூர்வ மொழி ஆங்கிலம், பிரெஞ்சிலும் பேசலாம் என்றுதான் அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. நாம் வீட்டில் பேசும் கிரியோல் அந்த வரியில் இல்லை. முதலில் கிரியோலில் எழுதட்டும். எழுவாயோடு எழுதட்டும்.


கொடிமரம்
ஜூன் 24, காலை 11:48

படிப்பவர் இல்லை என்று அச்சடிக்காமல் இருந்தால் படிப்பவர் எப்படி வருவார்? நோட்டிலும் யாரும் படிப்பதில்லை, அதற்காக எடுத்துவிடலாமா?


ஏழுகறி
ஜூன் 24, மதியம் 12:02

நான் படிக்கிறேன். ஆயிரம் ரூபாய் நோட்டு கைக்கு வரும்போது மட்டும்.


மட்டுறுத்துநர்
ஜூன் 24, மதியம் 1:15

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 60-0 என்று கட்சிக் கொண்டாட்டமும் பதிலுக்கு வசவும் இங்கே வேண்டாம். மொழிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, கொடிமரம் அங்கே தொடரலாம். டெபுடேயின் பெயர், தொலைபேசி எண் எதுவும் போடாதீர்கள்.


ரோஷ்புவாக்காரி
ஜூன் 24, இரவு 8:40

மட்டுறுத்துநர் 60-0 என்று எழுதியதால் ஒன்று சொல்லலாம், இது கொண்டாட்டமும் இல்லை, வசவும் இல்லை. 2024 நவம்பர் தேர்தலில் இந்தத் தீவின் 60 இடமும் ஒரே கூட்டணிக்குப் போனது. எதிர்க்கட்சித் தலைவரே பெஸ்ட் லூசர் வழியாகத்தான் அவைக்குள் வந்தார். ஆளுங்கட்சியின் பின்வரிசை டெபுடே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? நிழலெழுத்து சொன்ன மாதிரி கேட்டதையும் மறைத்தால், நமக்கு என்னதான் தெரியும்?

நிழலெழுத்துத் தம்பி, நீங்கள் சொன்னபடி இரண்டு சாகோஸ் பத்தியையும் வாத்தியாரும் நானும் தனிச்செய்தியில் ஒப்பிட்டோம். ஏழு வாக்கியத்தில் ஐந்து, காற்புள்ளி உட்பட ஒரே மாதிரி.


நிழலெழுத்து
ஜூன் 24, இரவு 10:10

ஐந்துதானா? எங்கள் காலத்தில் ஏழும்.

வாத்தியார், உங்கள் வகுப்புக்கு ஒரு வேலை சொல்கிறேன். அவையில் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் ஹான்சார்டில் இருக்கிறது, நாடாளுமன்ற இணையதளத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் மூவரின் பெயரையும் தேடுங்கள். மூன்று இடத்தில் பாருங்கள்: கேள்வி நேரம், நேரம் போதாமல் எழுத்தில் கொடுத்த பதில்கள், கடைசியில் ஒத்திவைப்பு நேரப் பேச்சு. பட்ஜெட் மாதத்தில் தேடாதீர்கள், எல்லோரும் நீளமாகப் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்கு முந்திய மாதங்களைப் பாருங்கள். கடிதத்தில் இல்லாதது அங்கே இருக்கலாம். இல்லாமலும் போகலாம், அதுவும் ஒரு பதில்தான்.


மாலைப்பள்ளி
2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு, மாலை 4:30

இழை கீழே போய்விட்டது. ஆனால் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது.

தேடினோம். நான்கு சனிக்கிழமை எடுத்தது. ஹான்சார்டு ஆங்கிலத்தில், நடுநடுவே பிரெஞ்சில் இருப்பதால் நடத்துநர் ஐயாவின் மகளையும் உதவிக்குக் கூப்பிட்டோம். மூவரில் ஒருவர் பெயரில் எங்கள் பகுதி பற்றி எதுவும் கிடைக்கவில்லை. இன்னொருவர் தெருநாய்கள் பற்றி இரண்டு தடவை கேட்டிருக்கிறார். மாதக் கடிதம் எழுதுபவர் இருக்கிறாரே, அவர் பட்ஜெட்டுக்கு முன் ஒரு செவ்வாய் இரவு எங்கள் மேட்டுத் தெருக்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, குழாய் எந்த வருடம் மாறும் என்று கேட்டிருக்கிறார். பதில் நிழலெழுத்து எழுதியது போலவேதான்: இந்த நிதியாண்டில் இல்லை. எங்கள் தெருப் பெயரை அச்சில் பார்த்ததும் தாந்தின் எழுந்து நின்றுவிட்டார். அந்த மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். தண்ணீர் "பரிசீலனையில்". காவடிப் பந்தலில் அவர் பரிமாறும் படம்.

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கடிதம் எழுதினோம். முதலில் தமிழில் எழுதி, பிறகு கிரியோலில் ஆக்கி இரண்டையும் ஒன்றாக மடித்து அனுப்பினோம். திட்டவில்லை. நீங்கள் கேட்டதைப் படித்தோம், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். தாந்தினின் ஓய்வூதியக் கேள்வியையும் சேர்த்தோம்.

பத்து நாள் கழித்து அவரே தொலைபேசியில் பேசினார். "பதில் இல்லை என்று வந்தது, அதைப் போய் எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன்" என்றார். கோபப்படுவார்கள் என்று பயந்திருக்கிறார். நான் என்ன சொல்ல? "தண்ணீர் வராததற்குக் கோபம் ஏற்கெனவே இருக்கிறது ஐயா, இப்போது அது உங்கள் மேல் இருக்கிறது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

ஜூலைக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. சாகோஸ் பத்தி இருக்கிறது, படங்கள் இருக்கின்றன (எல்லாவற்றிலும் கண் திறந்துதான், ஏழுகறி). தாந்தினுக்கு நேரடிப் பதில் இல்லை, சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் எந்த நாளில் விசாரிக்கலாம் என்று ஒரு வரி. ஆனால் 'நம் பகுதி'யில் ஓரிடத்தில் இப்படி இருந்தது. நேற்று வகுப்பில் தமிழாக்கியதை அப்படியே தருகிறேன்:

"மேட்டுத் தெருக் குழாய்களை எப்போது மாற்றுவீர்கள் என்று நான் அவையில் கேட்டேன். இந்த நிதியாண்டில் அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை என்று அமைச்சர் பதிலளித்தார். அடுத்த பட்ஜெட்டுக்கு முன் மறுபடி கேட்பேன்."

மூன்று வாக்கியத்திலும் எழுவாய் இருக்கிறதா என்று கேட்டேன். நடத்துநர் ஐயா நடு வாக்கியத்தில் "ஒதுக்கப்படவில்லை" என்பதை வட்டமிட்டு, யார் ஒதுக்கவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

மற்ற இரண்டு டெபுடேக்களும் ஏதாவது அனுப்புகிறார்களா என்று யாருக்காவது தெரியுமா? இருந்தால் படமெடுத்துப் பெயரை மறைத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமைக்குப் பாடம் தேவைப்படுகிறது.


எபேன்வாசி
ஆகஸ்ட் 3, மாலை 5:05

அனுப்பிவிட்டேன், வாத்தியார். நாய்க் கேள்வி கேட்டவருடையது. நாய் பற்றி ஒரு வரிகூட இல்லை.